ஃபைலோட முதல் சில பைட்டுகள்: ஃபைல் கமாண்ட், டிரிட், சீக்ஃப்ரீட் மூணையும் வருஷக்கணக்கா பயன்படுத்தின அனுபவம்

டாட் டாக்னு முடியிற ஃபைலை இன்னைக்கு யார்கிட்ட குடுத்தாலும் வேர்டுன்னு தான் சொல்லுவாங்க. ஆனா 1980கள்லயும் 90கள்லயும் அதே டாக்-ஐ டாஸ் வேர்ட், விண்டோஸ் வேர்ட், வேர்ட்ஸ்டார், வேர்ட்பெர்ஃபெக்ட்னு எல்லா சாஃப்ட்வேர்காரங்களும் போட்டுக்கிட்டாங்க, சும்மா டெக்ஸ்ட்ல அடிச்ச மேனுவலுக்கும் அதே டாக் தான். நான் சில வருஷமா தெரிஞ்சவங்களோட பழைய ஃப்ளாப்பி, சிடி, செத்துப்போன கம்ப்யூட்டரோட ஹார்டு டிஸ்க் இதுல இருந்தெல்லாம் ஃபைலை மீட்டுக் குடுத்துட்டு இருக்கேன். அதுல பாதி வேலை மீட்கிறதே இல்ல, மீட்டது என்ன ஜாதின்னு கண்டுபிடிக்கிறது தான். அதுக்குன்னு இருக்க டூல் மூணை ரொம்ப நாளா மாத்தி மாத்தி ஓட்டிட்டு வரேன், எது எங்க கை குடுக்குது எங்க கைவிடுதுன்னு ஒரு முடிவுக்கு வந்தாச்சு, அதை தான் இங்க எழுதுறேன்.

அடிப்படை தெரியாதவங்களுக்கு கொஞ்சம். நெறைய ஃபார்மேட்ல ஃபைலோட ஆரம்பத்துல மாறாத சில பைட் இருக்கும், மேஜிக் நம்பர்னு சொல்லுவாங்க. ஜிஃப் படம்னா ஜிஃப்87ஏ இல்லனா ஜிஃப்89ஏ ன்னு எழுத்தாவே இருக்கும். டாஸ், விண்டோஸ் இஎக்ஸ்இ எல்லாம் எம்இசட் ன்னு ஆரம்பிக்கும், அது மைக்ரோசாஃப்ட்ல இருந்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியோட இனிஷியல். ஜிப் ஃபைல் பிகே ன்னு ஆரம்பிக்கிறது ஃபில் காட்ஸோட இனிஷியல். நான் மேல சொன்ன டாக் கதைக்கு வந்தா, ஹெக்ஸ்ல, அதாவது ஒவ்வொரு பைட்டையும் 0-9, ஏ-எஃப் வச்சு ரெண்டு எழுத்தா காட்டுற முறையில பாத்தா டாஸ் வேர்ட் 31 பிஇ 00 00 ன்னு ஆரம்பிக்கும், விண்டோஸ் வேர்ட் 2 டிபி ஏ5 2டி 00, வேர்ட்பெர்ஃபெக்ட் 5 எஃப்எஃப் 57 50 43, வேர்ட் 97 டி0 சிஎஃப் 11 இ0. நாலும் நாலு விதம், அதனால பேரை நம்ப வேண்டியதே இல்ல, ஃபைலை திறக்காமலே சொல்லிடலாம். ஆனா இங்கயே ஒரு சிக்கல் இருக்கு. விண்டோஸ் 3 காலத்துல கூடவே வந்த ரைட்ங்கிற எழுதுற புரோகிராமோட ஃபைலும் அதே 31 பிஇ தான்! ரெண்டையும் பிரிக்க சைபர்ல இருந்து எண்ணி 96ஆவது இடத்துல இருக்க ரெண்டு பைட்டை பாக்கணும், அது சைபர்னா டாஸ் வேர்ட், சைபர் இல்லனா ரைட். முதல் பைட்டுங்கிறது அந்த ஃபைல் தன்னைப் பத்தி சொல்லிக்கிறது மட்டும் தான், அது நிஜமான்னு உள்ள போய் சரிபாக்கணும். இத்தனை வருஷத்துல நான் ரொம்ப உறுதியா நம்புற விஷயம் இது ஒண்ணு தான்.

முதல்ல ஃபைல் கமாண்ட். யூனிக்ஸ்ல 1973லயே இருந்தது, இன்னைக்கு லினக்ஸ்ல நாம ஓட்டுறது இயன் டார்வின் 1980கள்ல புதுசா எழுதின வெர்ஷன், இப்ப கிறிஸ்டோஸ் ஸூலாஸ் பாத்துக்கிறார். வேகம் பத்தி சொல்லவே வேணாம், ஒரு முழு சிடியையும் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பாத்து குடுத்துடும். ரொம்ப பேர் இதை பழைய காலத்து டூல்னு ஒதுக்குறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஏன்னா இது வெறும் முதல் பைட்டோட நிக்கிறதில்ல, எந்த இடத்துல எந்த எண் என்ன வரம்புக்குள்ள இருக்கணும்ங்கிற வரைக்கும் விதி எழுதலாம். இதோட அருமை தெரியணும்னா டிபேஸ்ங்கிற பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேரோட ஃபைலை எடுத்துக்கோங்க.

டிபேஸ் மூணோட டிபிஎஃப் ஃபைலுக்கு அடையாளம்னு இருக்கிறது ஒரே ஒரு பைட், 03. மெமோங்கிற நீளமான குறிப்பு ஃபீல்டு இருந்தா 83. ஒரு பைட்டை மட்டும் வச்சு முடிவு பண்ணா சம்பந்தமே இல்லாத ஃபைல் நெறைய டிபேஸ் ஆகிடும். ஆனா அடுத்து வர்ற பைட்டுகள்ல எவ்வளவு விஷயம் இருக்கு பாருங்க. ரெண்டாவது, மூணாவது, நாலாவது பைட் கடைசியா மாத்தின தேதி. 03 5எஃப் 07 1ஏ ன்னு இருந்தா 95, 7, 26, அதாவது 1995 ஜூலை 26. அதுக்கடுத்த நாலு பைட் எத்தனை ரெக்கார்டு, அடுத்த ரெண்டு ஹெடரோட, அதாவது ரெக்கார்டுகளுக்கு முன்னாடி இருக்க தலைப்பகுதியோட நீளம், அடுத்த ரெண்டு ஒரு ரெக்கார்டோட நீளம், எல்லாமே மதிப்பு குறைஞ்ச இடத்து பைட் முன்னாடி வர்ற முறையில. எஃப்4 01 00 00 ன்னு இருந்தா 500 ரெக்கார்டு, 21 01 ன்னா ஹெடர் 289 பைட், 78 00 ன்னா ரெக்கார்டு 120 பைட். இப்ப கணக்கு போடுங்க. 500ஐ 120ஆல பெருக்கி 289 கூட்டினா 60,289, கடைசில முடிவு குறியா ஒரு 1ஏ வந்தா 60,290. ஃபைலோட சைஸ் அதே தான்னா இது டிபேஸ் ஃபைல் தான், யாரும் மறுக்க முடியாது. அது மட்டுமா, ஒவ்வொரு ஃபீல்டு விவரமும் 32 பைட், முன்னாடி ஒரு 32, முடிவுல ஒரு 0டி. 289ல இருந்து 33 கழிச்சு 32ஆல வகுத்தா 8, எட்டு ஃபீல்டுன்னு தெரிஞ்சு போச்சு. சைஸ் கம்மியா இருந்தா எத்தனாவது ரெக்கார்டோட ஃபைல் அறுந்து போச்சுன்னு கூட சொல்லிடலாம், ஃபைலை கேட்டவங்களுக்கு அது பெரிய உதவி. ஃபைல் கமாண்டோட இப்போதைய வெர்ஷன் இதுல பாதியை தானே பண்ணிடுது, ரெக்கார்டு எண்ணிக்கை, நீளம், தேதி எல்லாத்தையும் ஒரே வரியில போட்டு குடுக்குது. எனக்கு இது ரொம்ப பிடிச்ச வரி.

எக்செல்லுக்கு முன்னாடி பிரபலமா இருந்த லோட்டஸ் 1-2-3ங்கிற கணக்கு சாஃப்ட்வேரோட ஷீட்டும் இதே மாதிரி உள்ள அர்த்தம் இருக்க ஃபார்மேட். டபிள்யூகே1 ஃபைல் 00 00 02 00 06 04 ன்னு ஆரம்பிக்கும். பாக்க ஏதோ குப்பை மாதிரி இருக்கும், ஆனா 00 00 ங்கிறது ஆரம்ப ரெக்கார்டு, 02 00 ங்கிறது அதோட நீளம், 06 04 வெர்ஷன். முதல் வெர்ஷனோட டபிள்யூகேஎஸ்ல அந்த கடைசி ரெண்டு பைட் மட்டும் 04 04. பழைய எக்செல்லும் இதே பாணி தான், வகை, நீளம், உள்ளடக்கம்னு வரிசையா போகும். அதனால முதல் ரெக்கார்டுல இருந்து நீளத்தை வச்சு தாவி தாவி போய் ஃபைலோட கடைசி வரைக்கும் சரியா போய் சேர முடிஞ்சா ஃபைல் முழுசா இருக்குன்னு அர்த்தம், நான் இதுக்கு ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் வச்சிருக்கேன்.

ஃபைல் கமாண்டோட குறைன்னா, முதல்ல பொருந்தினதை சொல்லிட்டு நின்னுடும். மைனஸ் கே போட்டா மத்ததையும் சொல்லும், பழைய ஃபைலுக்கு எப்பவும் அதை போட்டே ஓட்டுங்க. இன்னொண்ணு, தெரியலன்னா வெறும் டேட்டா ன்னு ஒரு வார்த்தை சொல்லும், அதுக்கு மேல ஒரு துப்பும் குடுக்காது.

அந்த டேட்டா ன்னு வர்ற கும்பல்ல அடிக்கடி ஒளிஞ்சிருக்கிறது வேர்ட்ஸ்டார். 1978ல வந்த சாஃப்ட்வேர், 3.3, 4 காலத்து ஃபைலுக்கெல்லாம் சிக்னேச்சர்னு, அதாவது மேல சொன்ன மாதிரி மாறாத அடையாள பைட்னு ஒண்ணு கிடையவே கிடையாது, நேரா விஷயத்துல ஆரம்பிச்சிடும். எந்த டூலும் இதுல தடுமாறத்தான் செய்யும், ஆனா கண்ணுக்கு சட்டுனு தெரியும். ஒவ்வொரு வார்த்தையோட கடைசி எழுத்துலயும் எட்டாவது பிட் ஆன் ஆகி இருக்கும், அதனால ஹெக்ஸ் எடிட்டர்ல பாத்தா வார்த்தையோட வால் மட்டும் வேற ஏதோ எழுத்தா தெரியும், வரி முடிவு 8டி 0ஏ ன்னு இருக்கும், ஆங்காங்க புள்ளியில ஆரம்பிக்கிற கட்டளை வரி, கடைசில 1ஏ வரிசையா நிரப்பி ஃபைல் சைஸ் 128ஆல வகுபடும். இந்த நாலும் சேர்ந்து இருந்தா வேர்ட்ஸ்டார் தான், கண்ணை மூடிட்டு சொல்லலாம். எட்டாவது பிட்டை கழட்டி விட்டா பாதி வேலை முடிஞ்சது. 5ஆம் வெர்ஷனுக்கு அப்புறம் 1டி ன்னு ஆரம்பிக்கிற ஹெடர் வந்துடுச்சு, அதை டூலே பிடிச்சிடும்.

அடுத்தது டிரிட். இத்தாலிக்காரர் மார்கோ பொண்டெல்லோ தனி ஆளா வளர்த்துட்டு வர்றது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். இதோட முறை வேற. ஒரே வகையான ஃபைல் பலதை குடுத்தா எல்லாத்துலயும் பொதுவா இருக்க பைட்டை தானே கண்டுபிடிச்சு ஒரு வரையறையா வச்சுக்கும். உலகம் பூரா ஆளுங்க அனுப்பி அனுப்பி இப்ப பல ஆயிரம் வரையறை இருக்கு, அமிகா கேம், அட்டாரி படம், பேரே கேள்விப்படாத டாஸ் பெயிண்ட் புரோகிராம்னு மத்த ரெண்டும் கை விரிக்கிற இடத்துல இது ஒரு பேராவது சொல்லும். அதுக்காகவே நான் இதை அழிக்காம வச்சிருக்கேன். ஆனா அது போடுற சதவீதத்தை தப்பா புரிஞ்சுக்கிறவங்க அதிகம். 80 சதவீதம்னு வந்தா 80 சதவீதம் நிச்சயம்னு அர்த்தம் இல்ல, பொருந்தின வரையறைகளுக்குள்ள இதுக்கு எவ்வளவு பங்குன்னு தான் அர்த்தம். ஒரே ஒரு வரையறை, அதுவும் ரெண்டு பைட்டுக்கு பொருந்தினா கூட நூறு சதவீதம்னு வரலாம். வரையறை பண்ணும்போது ஒரே ஆளோட ஃபைலா குடுத்திருந்தா தற்செயலா ஒண்ணா இருக்க பைட்டையும் அடையாளம்னு எடுத்துக்கும். அதனால டிரிட் சொல்றதை துப்பா எடுத்துக்கோங்க, தீர்ப்பா எடுத்துக்காதீங்க.

சீக்ஃப்ரீட் தான் நான் மொத்தமா வேலை பண்ணும்போது ஓட்டுறது. பிரிட்டன் தேசிய ஆவணக்காப்பகம் புரோனாம்னு ஒரு ஃபார்மேட் பதிவேடு நடத்துறாங்க, ஒவ்வொரு ஃபார்மேட்டுக்கும் தனி எண் உண்டு, வேர்ட் 97 முதல் 2003 வரைக்கும் எஃப்எம்டி 40, பிடிஎஃப் 1.4 எஃப்எம்டி 18 ன்னு. அவங்களோட சொந்த டூல் டிராய்டு, ஜாவால ஓடும், விண்டோ எல்லாம் இருக்கு. அதே சிக்னேச்சரை வச்சு ரிச்சர்ட் லெஹேன் கோ மொழியில எழுதினது சீக்ஃப்ரீட், கமாண்ட் லைன்ல தான். எனக்கு இதுல பிடிச்சது, ஏன் அப்படி சொல்றேன்னு காரணத்தையும் சேர்த்து சொல்லும். பைட் பொருந்திச்சா, எந்த இடத்துல பொருந்திச்சு, இல்ல வெறும் எக்ஸ்டென்ஷனை (டாட் டாக் மாதிரி பேரோட வாலை) பாத்து சொல்றேனா, எக்ஸ்டென்ஷனும் பைட்டும் முரண்படுதா, எல்லாம் தனித்தனி நெடுவரிசையில வரும். சிஎஸ்வியா எடுத்து எக்ஸ்டென்ஷன் மட்டும் பொருந்தினதுங்கிற வரிகளை வடிகட்டினா கையால பாக்க வேண்டிய லிஸ்ட் ரெடி. இந்த நேர்மைக்காகவே மத்த ரெண்டையும் விட இதுக்கு ஒரு படி மேல இடம் குடுப்பேன். நம்ம ஊர்ல ஆவணம் பாதுகாக்கிற வேலை பண்றவங்க கட்டாயம் பழகிக்கணும்.

கன்டெய்னர் ஃபைல்லயும் இது கெட்டி. டி0 சிஎஃப் 11 இ0 ன்னு ஆரம்பிச்சா அது வேர்டா இருக்கலாம், எக்செல்லா இருக்கலாம், பவர்பாயிண்ட், அவுட்லுக் மெயில், விண்டோஸ் இன்ஸ்டாலர், எதுவா வேணா இருக்கலாம், ஏன்னா அது ஒரு பெட்டி மட்டும் தான். உள்ள வேர்ட்டாக்குமென்ட் ன்னு ஒரு ஸ்ட்ரீம் இருந்தா வேர்ட், வொர்க்புக் ன்னா எக்செல் 97, வெறும் புக் ன்னா அதுக்கு முந்தின எக்செல். பிகே ஃபைலும் அப்படித்தான், டாக்எக்ஸ், ஓடிடி, ஈபப், ஜார் எல்லாம் வெளிய ஒரே முகம். சீக்ஃப்ரீடும் டிராய்டும் பெட்டியை திறந்து உள்ள பாத்துட்டு சொல்லும்.

சிக்னேச்சர் வகையை மட்டும் இல்ல, ஃபைலுக்கு என்ன ஆச்சுன்னும் சொல்லும். பிஎன்ஜி பட ஃபார்மேட்டோட சிக்னேச்சர் இதுக்குன்னே யோசிச்சு செஞ்சது. 89 50 4இ 47 0டி 0ஏ 1ஏ 0ஏ. நடுவுல 0டி காணாம போயிருந்தா யாரோ எஃப்டிபில டெக்ஸ்ட் மோடுல அனுப்பியிருக்காங்க, முதல் 89 போய் 09 ஆகியிருந்தா ஏழு பிட் வழியா வந்திருக்கு, நடு 1ஏ டாஸ்ல டைப் கமாண்ட் போட்டா திரை பூரா குப்பை கொட்டாம நிறுத்துறதுக்கு. ஒரே சிடில இருக்க பிஎன்ஜி எல்லாத்துலயும் 0டி இல்லன்னா அதே சிடில இருக்க ஜிப்பும் அதே வழியா வந்து கெட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்னு முன்கூட்டியே தெரிஞ்சிடும். ஃபைல் நடுவுல எஃப்6 எஃப்6 எஃப்6 ன்னு நீளமா வந்தா அது டாஸ் ஃபார்மேட் பண்ணும்போது ஃப்ளாப்பியில நிரப்புற பைட், அந்த இடத்துல விஷயம் எழுதப்படவே இல்ல. எழுதுற தடுப்பு துளையை திறந்து வச்சு, முழு 1.44 எம்பி ஃப்ளாப்பியையும் 14,74,560 பைட் இமேஜா (அச்சு அசலான நகலா) எடுத்துட்டு, அதுக்கப்புறம் தான் இதெல்லாம்.

இப்ப தமிழ் ஃபைல். இங்க மூணு டூலும் கிட்டத்தட்ட சமமா கைவிட்டுடும், குறை அதுங்க மேல இல்ல. யூனிகோடுக்கு முன்னாடி அடிச்ச தமிழ் எல்லாம் ஃபான்ட்டுக்குள்ள தான் இருந்தது, ஃபைல்ல இல்ல. பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல தமிழ் ன்னு அடிச்சா ஃபைல்ல இருக்கிறது 6ஏ 6பி 70 6எஃப் 3பி, அஞ்சும் சாதா ஆங்கில விசைப்பலகை எழுத்து, கடைசி 3பி செமிகோலன், அது தான் புள்ளி, அதனால ஆஸ்கி டெக்ஸ்ட் (சாதா ஆங்கில எழுத்து) ன்னு பதில் வரும், அது பொய்யும் இல்ல. 1999ல சென்னை தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் வந்த டேப், டேம், அது போக டிஸ்கி, இந்த தமிழ் என்கோடிங் (எந்த பைட்டுக்கு எந்த எழுத்துங்கிற அட்டவணை) எல்லாம் எட்டு பிட், ஏதோ ஐரோப்பிய மொழின்னு நினைச்சுக்கும். யூனிகோடு மட்டும் தான் பைட்லயே தெரியும், யூடிஎஃப்8ல ஒவ்வொரு தமிழ் எழுத்தும் இ0 ஏஇ இல்லனா இ0 ஏஎஃப் ன்னு ஆரம்பிக்கும், புள்ளி இ0 ஏஎஃப் 8டி.

மத்ததுக்கு நான் பண்றது எழுத்து எண்ணிக்கை. தமிழ்ல புள்ளி ரொம்ப அடிக்கடி வரும், அதனால ஒரு ஆஸ்கி ஃபைல்ல வாக்கிய அமைப்புக்கு சம்பந்தமே இல்லாம வார்த்தை நடுவுலயும் முடிவுலயும் செமிகோலன் கொட்டி கிடந்தா பாமினி குடும்பம்னு முதல்ல சந்தேகப்படுவேன். எட்டு பிட் ஃபைல்லயும் இதே வழி, எந்த பைட் ரொம்ப அதிகம்னு பாத்து அது எந்த என்கோடிங்ல மெய்யெழுத்தோட ஒத்துப்போகுதுன்னு தேடணும். ஆர்டிஎஃப்னா வேலை சுலபம், ஆரம்பத்துலயே ஃபான்ட் பட்டியல் இருக்கும். வேர்ட் 97 டாக்ல ஃபான்ட் பேர் ரெண்டு ரெண்டு பைட் எழுத்தா உள்ள கிடக்கும், தேடினா கிடைச்சிடும். பேர் தெரிஞ்சா என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு யூனிகோடாக்கிடலாம்.

பேர் தெரிஞ்சும் மாட்டிக்கிறது சின்ன சின்ன டிடிபி கடைகளுக்குன்னு தனியா செஞ்ச ஃபான்ட்ல அடிச்சது, எந்த கன்வர்ட்டர்லயும் அது இருக்காது. அந்த ஃபான்ட் ஃபைலே கைல இருந்தா எந்த பைட்டுக்கு எந்த வடிவம்னு பாத்து நாமளே அட்டவணை போட்டுடலாம். ட்ரூடைப்னா 00 01 00 00 ன்னு ஆரம்பிக்கும், போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபான்ட்டோட பிஎஃப்பி 80 01 ன்னு ஆரம்பிக்கும். பழைய கம்ப்யூட்டரை எடைக்கு போடுறதுக்கு முன்னாடி டாக்குமென்ட் ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணிட்டு விட்டுடாதீங்க, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்க ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் அப்படியே முழுசா எடுத்து அது கூடவே வைங்க.