அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சு ஆறு வருஷம், அந்த ஹாஸ்பிடல் பத்தி என் ரிவ்யூ

ஸ்டென்ட்ன்னா இதயத்துக்கு ரத்தம் போற குழாய்ல அடைப்ப திறந்து, மறுபடி மூடாம தாங்கிப் பிடிக்க வைக்கிற சின்ன கம்பி வலை. அத வச்சதுக்கு 5 ஸ்டார், அதுக்கு அப்புறம் நடந்ததுக்கு 2 ஸ்டார். ரெண்டையும் கூட்டி மூணரைன்னு போட மனசு வரல, ஏன்னா ஸ்டென்ட் வச்சவங்களுக்கு அந்த "அப்புறம்" தான் முக்கியம், அத கூடவே இருந்து பாத்துட்டேன். குறையும் சொல்லப் போறதால ஹாஸ்பிடல் பேர் போடல, தஞ்சாவூர் பக்கம் ஒரு பெரிய ப்ரைவேட் ஹாஸ்பிடல்னு வச்சுக்கங்க.

2019 செப்டம்பர், விடிகாலை நாலு மணி இருக்கும். அப்பாவுக்கு அப்போ 58, ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு, சுகர் உண்டு, சிகரெட்டும் உண்டு. நெஞ்சு நடுவுல கல்ல தூக்கி வச்ச மாதிரி இருக்குன்னு பனியன் எல்லாம் வேர்த்து நனைஞ்சு கட்டில்ல உக்காந்துட்டாரு, அம்மா கேஸ் தொல்லைன்னு நினைச்சு ஓமத்தண்ணி கொண்டாந்தாங்க, நான் 108க்கு போன் போட்டேன். ஹாஸ்பிடல் வாசல்ல இறக்குன உடனே ஈசிஜி எடுத்து, ஹார்ட் அட்டாக்னு சொல்லி, நாலு மாத்திரைய கைல குடுத்து கடிச்சு மென்னு முழுங்க சொல்லி, அடைப்ப பாத்து திறக்குற கேத் லேபுக்கு கொண்டு போயிட்டாங்க. இதயத்துல இடது பக்கம் முன்னாடி ஓடுற பெரிய ரத்தக்குழாய் முழுசா அடைச்சிருந்துச்சாம். மணிக்கட்டு வழியா போய் திறந்து ஒரு ஸ்டென்ட் வச்சு முடிக்க, உள்ள நுழைஞ்சதுல இருந்து ஒரு மணி நேரம் கூட ஆகல. 90 நிமிஷத்துக்குள்ள திறக்கணும்ங்கிறது தான் கணக்கு. பணம் கட்டுனா தான் உள்ளன்னு ஒருத்தரும் சொல்லல, கையெழுத்து மட்டும் வாங்குனாங்க, அந்த ராத்திரி டூட்டில இருந்த அத்தன பேருக்கும் நாங்க இன்னைக்கும் கடன்பட்டிருக்கோம்.

மொத்த பில்லு 1,72,000. அதுல ஸ்டென்ட் மட்டும் 30 ஆயிரத்துக்கு கிட்ட. 2017 பிப்ரவரில மத்திய அரசு, குழாய் மறுபடி சுருங்காம இருக்க மருந்து தடவுன ஸ்டென்டுக்கு 29,600ன்னு உச்சவரம்பு வச்சாங்க, அதுக்கு முன்னாடி இதுக்கே ஒரு லட்சத்துக்கு மேல வாங்கிட்டிருந்தாங்க. முதலமைச்சர் காப்பீடு கார்டு இருக்கவங்க அந்த ஹாஸ்பிடல் லிஸ்ட்ல இருக்கான்னு முன்னாடியே பாத்து வச்சுக்கங்க, விடிகாலைல அதெல்லாம் தேட முடியாது.

இனி ரெண்டு ஸ்டார் கதை. டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு ஃபைல், ஆஞ்சியோ சிடி, ஸ்டென்ட் சைஸ் ஸ்டிக்கர் ஒட்டுன ஒரு சின்ன கார்டு, ஏழு மாத்திரை எழுதுன சீட்டு, அவ்வளவு தான். அப்பா சேர்ல உக்காந்தபடியே கேட்டாரு, "சார், இது எத்தன வருஷம் தாங்கும்?" ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "நல்லா இருப்பீங்க, பயப்படாதீங்க"ன்னு தோள்ல தட்டிட்டு அடுத்த பெட்டுக்கு போயிட்டாரு. அந்த கேள்விக்கு பதில் கிடைக்காம அப்பா பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல. கடைக்கு வந்தவங்க எல்லாம் ஸ்டென்டுக்கு பத்து வருஷம் தான் லைஃப், அப்புறம் மாத்தணும்னு சொல்லி வச்சிருந்தாங்க, மனுஷன் மாடிப்படி ஏறல, பேத்திய தூக்கல, ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு நாடி பிடிச்சு பாப்பாரு.

அந்த பதில வேற ஒரு டாக்டர் தான் சொன்னாரு, எட்டு மாசம் கழிச்சு, செகண்ட் ஒபினியனுக்கு போனப்போ. இருபது நிமிஷம் பொறுமையா உக்காந்து பேசுனாரு. ஸ்டென்டுக்கு எக்ஸ்பைரி கிடையாது, சில மாசத்துல குழாயோட உள்தோல் அது மேல வளந்து மூடிக்கும், அத யாரும் வெளிய எடுக்க மாட்டாங்க, சாகுற வரைக்கும் அங்கயே இருக்கும். ஆனா ஸ்டென்ட் ஒரு இடத்த தான் திறந்திருக்கு, கொழுப்பு படியுற வியாதி எல்லா குழாய்லயும் இருக்கு, அதுக்கு மருந்தும் பழக்கமும் தான். ஆயுச முடிவு பண்றது ஸ்டென்ட் இல்ல, அட்டாக்ல தசை எவ்வளவு செத்துச்சு, சுகர் எப்படி இருக்கு, சிகரெட்ட விட்டாச்சா, கிட்னி எப்படி, மாத்திரைய ஒழுங்கா போடுறாரா, இதெல்லாம் தான்னாரு. பழைய வெறும் மெட்டல் ஸ்டென்ட்ல நூத்துக்கு இருபது முப்பது பேருக்கு மறுபடி சுருங்கும், இப்ப வர்ற மருந்து தடவுனதுல பத்துக்கும் கீழ. 1977ல சூரிச்ல முதன்முதலா பலூன் வச்சு குழாய திறந்தாங்களே, ஸ்டென்ட்னு ஒண்ணு அப்ப கிடையவே கிடையாது, அந்த 38 வயசு ஆள் முப்பது வருஷத்துக்கு அப்புறமும் உயிரோட இருந்தாராம். அத கேட்டு வெளிய வந்த அப்பா அன்னைக்கு தான் படி ஏறுனாரு, லிஃப்ட் வேணாம்னுட்டு.

இந்த இருபது நிமிஷத்த டிஸ்சார்ஜ் அன்னைக்கே குடுத்திருந்தா ரெண்டு ஆபத்து நடந்திருக்காது. முதல் ஆபத்து பல்லு. நாலாவது மாசம் பல் புடுங்க போனப்போ ரத்தம் உறையாம இருக்க போடுற ரெண்டு மாத்திரையையும் அஞ்சு நாள் நிறுத்தச் சொன்னாங்க, அப்பாவும் நிறுத்திட்டாரு, எங்க யாருக்கும் தெரியல. ஸ்டென்ட் உள்ள ரத்தம் உறைஞ்சா திடீர்னு முழு அட்டாக் வரும், அதுவும் முதல் வருஷத்துல அந்த ரெண்டு மாத்திரைய தன்னிச்சையா நிறுத்துறது தான் அதுக்கு பெரிய காரணம். கடவுள் புண்ணியம், ஒண்ணும் ஆகல. அட்டாக் வந்தவங்களுக்கு பொதுவா ஒரு வருஷம் ரெண்டு மாத்திரை, அப்புறம் ஒண்ணு மட்டும் காலம் பூரா. யார் நிறுத்தச் சொன்னாலும் இதய டாக்டர கேக்காம நிறுத்தாதீங்க. ரெண்டாவது, அந்த ரெண்டுல ஒண்ணு டிகாக்ரிலார்னு ஒரு மாத்திரை, அது சிலருக்கு மூச்சு வாங்குற மாதிரி பண்ணும். அப்பா மறுபடி அடைப்புன்னு நினைச்சு பயந்து தானா பாதி டோஸ் போட்டிருக்காரு. அதுக்கு மாத்து இருக்கு, க்ளோபிடோக்ரெல் மாத்தி குடுத்தாங்க, ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு.

இன்னொரு குறையும் சொல்லிடறேன். ஒரு வருஷம் முடிஞ்சதும் அந்த ஹாஸ்பிடல்ல இருந்து செக் ஆஞ்சியோ பேக்கேஜ்னு போன், அதாவது குழாய்க்குள்ள மருந்து விட்டு மறுபடி அடைப்பு இருக்கான்னு படம் எடுத்து பாக்குறது. வலி இல்ல, மூச்சு வாங்கல, நடக்குறாரு, அப்புறம் எதுக்கு? அறிகுறி இல்லாதவங்களுக்கு சும்மா ஆஞ்சியோ தேவையில்லன்னு செகண்ட் ஒபினியன் டாக்டர் தெளிவா சொல்லிட்டாரு. இதே மாதிரி சித்தப்பாவுக்கும் வருஷாந்திர செக்கப்ல அடைப்புன்னு சொல்லி உடனே ஸ்டென்டுன்னாங்க, அவருக்கு நெஞ்சு வலியே இல்ல. ஹார்ட் அட்டாக் நேரத்துல ஸ்டென்ட் உயிர காப்பாத்தும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அட்டாக் இல்லாம நிதானமா இருக்குற அடைப்புக்கு, நல்ல மருந்தோட ஒப்பிட்டா ஸ்டென்ட் வலிய குறைக்கும், ஆயுச கூட்டல. 2020ல வெளிவந்த இஸ்கீமியாங்கிற ஆராய்ச்சி அஞ்சாயிரத்துக்கும் மேல ஆளுங்கள வச்சு பாத்தது இது. இடது மெயின் குழாய் அடைப்பும், பம்பிங், அதாவது இதயம் ரத்தத்த வெளிய தள்ளுற அளவு, ரொம்ப கம்மியா இருக்கவங்களும் அதுல இல்ல, அவங்க கணக்கு வேற, அதனால நாமளா முடிவு பண்ணாம இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க. சித்தப்பா இப்ப மாத்திரைல தான் இருக்காரு.

இதே ஹாஸ்பிடல்ல ஒரு நல்லதும் உண்டு, நாமளா கேட்டா தான் கிடைக்கும். பின்னாடி பில்டிங்ல பிசியோதெரபி ரூம் இருக்கு, அங்க ஒரு பொண்ணு அப்பாவ ஆறு நிமிஷம் வராண்டால நடக்க விட்டு, விரல்ல க்ளிப் மாட்டி, எவ்வளவு தூரம் போறாருன்னு தரைல கோடு போட்டு குறிச்சு வச்சாங்க. முதல் தடவ 290 மீட்டர், மூணு மாசத்துல 430. அந்த நோட்டுப் புஸ்தகத்த அப்பா இன்னும் கல்லாப்பெட்டில வச்சிருக்காரு. இத ஏன் எல்லாருக்கும் எழுதிக் குடுக்க மாட்டேங்குறாங்கன்னு எனக்கு இன்னும் கோவம் தான்.

இப்ப அப்பாவுக்கு 64. பம்பிங் 42 சதவீதத்துல இருந்து 55க்கு வந்திருக்கு, கெட்ட கொழுப்பு 138 இருந்தது 52, 55க்கு கீழ இருக்கணும்னு சொல்லியிருக்காங்க, அதுக்கு கொழுப்ப குறைக்கிற ஸ்டாடின் மாத்திரையோட எசெடிமைபும் சேத்து போடுறாரு. சிகரெட் அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல ஏறுனதோட சரி. சுகர் மட்டும் கல்யாண சீசன்ல கை மீறிடுது.

போறவங்களுக்கு ஒரு தகவல், ஓபி டோக்கன் காலைல ஏழரைக்கு குடுப்பாங்க, ஒன்பது மணிக்கு போனா மூணு மணி நேரம் காத்திருக்கணும். மாத்திரைய அங்க பார்மசில வாங்காம மக்கள் மருந்தகத்துல வாங்குறோம், பாதி காசு கூட ஆகல. கேள்விய எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டு போங்க, எழுதுனத பாத்தா டாக்டரும் நின்னு பதில் சொல்றாரு.