18,500 ரூபாய் போச்சு: மொடல் விமானக் கிற் ஒன்லைனில வாங்கிறவை கவனம்

வன்னியில இருந்துகொண்டு கிற் (பிளாஸ்ரிக் பாகங்கள் அடங்கின பெட்டி) வாங்கி மொடல் விமானம் கட்டுறவை, முந்திக் கட்டி விட்டுப்போட்டு இப்ப திரும்பத் தொடங்குவம் எண்டு நிக்கிறவை, காசு போடமுன்னம் இதை வாசியுங்கோ. கொழும்பில இருந்து நடத்துற ஒரு ஒன்லைன் பொழுதுபோக்குச் சாமான் பக்கம் 18,500 ரூபாயை முழுசா முற்பணமா வாங்கிப்போட்டு, ஆரோ வெட்டிப் பாவிச்சு விட்ட கிற்றையும் போத்தில் மாத்தின பெயின்ரையும் கிளிநொச்சிக்கு அனுப்பியிருக்கு. முறைப்பாடு போயிருக்கு, அதால பேர் போடேல்லை. ஆனா செய்த வேலையை ஒண்டும் விடாமல் சொல்லுறன்.

நான் கேட்டது 1/48 அளவு (உண்மையான விமானத்தின்ர 48இல ஒரு பங்கு) ஹோக்கர் ஹரிக்கேன் மார்க் 2பி. 1942 ஏப்ரல் 9இல யப்பான் விமானங்கள் திருகோணமலையை அடிக்க வந்தபோது சீனன்குடாவில இருந்து எழும்பினது பிரித்தானிய விமானப்படையின்ர 261ஆம் பிரிவு ஹரிக்கேன்கள். எங்கட பக்கத்து வானத்தில சண்டை பிடிச்ச விமானம் எண்டபடியால் இஞ்ச கட்டுறவைக்கு அதில ஒரு தனி விருப்பம். மேல கடும்பச்சையும் மண்ணிறமும், கீழ ஸ்கை எண்ட வெளிர்பச்சை. அதுக்கு டமியா எண்ட யப்பான் கொம்பனியின்ர அக்ரிலிக் பெயின்ற் 10 மில்லி போத்தில் மூண்டு, நிற இலக்கம்: எக்ஸ்எஃப் 81, எக்ஸ்எஃப் 52, எக்ஸ்எஃப் 21. கணக்கு இப்பிடி: கிற் 12,800, பெயின்ற் 2,850, ஒட்டுற சிமென்ற் 1,450, டீகலுக்கு (தண்ணியில ஊறவைச்சு ஒட்டுற சின்னங்கள், இலக்கங்கள்) பூசுற மருந்து 800, கூரியர் 600. மொத்தம் 18,500 ரூபாய்.

நம்பினது எந்த இடத்தில எண்டதைத்தான் முக்கியமாச் சொல்லோணும், ஏனெண்டால் அடுத்த ஆளையும் அதே இடத்திலதான் பிடிப்பினம். வட்ஸ்அப்பில கதைச்ச பெடியன் முதல் கேட்ட கேள்வி, "அண்ணை, பிறஷா எயார்பிறஷா?" எயார்பிறஷ் எண்டது பெயின்ரைக் காத்தால விசிறுற கருவி. பிறஷ் எண்டு சொன்னதும், "அப்ப ரிட்டார்டர் கொஞ்சம் சேருங்கோ அண்ணை, இல்லாட்டி அடி இழுபடும்" எண்டான். ரிட்டார்டர் பெயின்ற் காயிறதைப் பிந்தவைக்கிற மருந்து. அவன் சொன்னது சரியான கதை. டமியா அக்ரிலிக்கில இருக்கிறது அற்ககோல் சார்ந்த கரைப்பான். அரைகுறையாக் காய்ஞ்ச பூச்சுக்கு மேல ரெண்டாந்தரம் பிறஷ் போனால் கீழ இருக்கிறது இளகிப் பிய்ஞ்சு வரும். பிறகு தானாவே சொன்னான்: "2பி எண்டால் 12 துவக்கு இறக்கை, 2சி எண்டால் 4 பீரங்கி. மாறி வாங்கிப்போடாதேங்கோ அண்ணை." தொழில் தெரிஞ்ச ஆள் இப்பிடிக் கதைக்கேக்க ஆர் சந்தேகப்படுவினம்? அதோட ஸ்ப்ரூ எண்ட, பாகங்கள் ஒட்டிக்கொண்டு வாற பிளாஸ்ரிக் சட்டங்களின்ர கிட்டப் படமும் வந்தது, ஒரு பாகமும் வெட்டுப்படாமல், பளிச்செண்டு. கடைசியா, "வன்னிக்கு கூரியர்காரர் காசு வாங்கிக்கொண்டு சாமான் குடுக்கமாட்டினம், முழுக்க வங்கியில போடுங்கோ." பச்சைப் பொய். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் சாமான் கையில வந்தாப்பிறகு காசு குடுக்கிற முறை நாளாந்தம் நடக்குது.

வந்த பெட்டியைப் பாருங்கோ. வெளியில பொலித்தீன் இறுக்கிச் சுத்தியிருந்தது. அதுவே முதல் பிழை. இதுமாதிரி யப்பான் கிற்றுகள் பலதுக்கு வெளிப்பெட்டியில ஒண்டும் சுத்தி வாறேல்லை, உள்ள இருக்கிற பக்கற்றுகள்தான் சீல். உள்பக்கற் ஒவ்வொண்டிலயும் ரெண்டு சீல் கோடு. தொழிற்சாலைக் கோடு நேரா, ஒரே அகலத்தில இருக்கும். இதில அதுக்குக் கீழ நெளிஞ்சு, அங்கங்க கருகினமாதிரி இன்னொரு கோடு. மெழுகுதிரியிலயோ அயன்பொக்ஸிலயோ திரும்ப ஒட்டியிருக்கினம். விமானி இருக்கிற இடத்தை மூடுற கண்ணாடிக் கூண்டு வாற தெளிவான ஸ்ப்ரூ முழுக்க இல்லை. வலப்பக்க வால் இறக்கை ஏற்கெனவே நறுக்கி, சட்டத்தில சுப்பர்குளூவால திரும்ப ஒட்டி வைச்சிருக்கு. நறுக்கின இடம் வெள்ளை பூத்துக் கிடக்கு. சில்லு நாலு பாதியா வரோணும், வந்தது மூண்டுதான். எல்லாத்துக்கும் மேல, இறக்கை 2சி! முன்விளிம்பில பீரங்கிக்கு ரெண்டு ரெண்டு பெரிய ஓட்டை. மாறி வாங்காதேங்கோ எண்டு சொன்ன அதே ஆள் அனுப்பினது இது. தவறி வந்தது எண்டு ஆரும் சொல்லேலாது.

பெயின்ற் அதை விட மோசம். லேபல் டமியா, உள்ள பள்ளிக்கூடப் பிள்ளையள் பாவிக்கிற மலிவுத் தண்ணி அக்ரிலிக். இதைச் சோதிக்கிறது சுகம். ஒரு மாபிள் துண்டில பெயின்ற் ஒரு சொட்டு வையுங்கோ, பாமசியில விக்கிற ஐசோபுரோப்பைல் அற்ககோல் ரெண்டு சொட்டு விடுங்கோ, ஈர்க்கால கலக்குங்கோ. உண்மையான டமியா பால்மாதிரி ஒரே சீராக் கரையும். தண்ணி அக்ரிலிக் உடன திரைஞ்சு, நூல்நூலாகி, ஈர்க்கில றபர்மாதிரிச் சுத்திக்கொண்டு வரும். மூண்டு போத்திலும் அப்பிடித்தான் வந்தது. மூடியைத் திறந்தால் ஸ்பிரிற் மணமும் இல்லை. இதைக் கிற்றின்ர பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக்கில பூசினால் காய்ஞ்சமாதிரித் தெரியும், ஆனா பிடிக்காது. ரெண்டாவது நிறத்துக்கு, பூசின இடத்தை மறைக்கிற மாஸ்கிங் ரேப் ஒட்டி இழுக்க, முதல் நிறம் தோல்மாதிரி உரிஞ்சு ரேப்போட போகும். திரும்பத் தொடங்கிற ஆள் என்ன நினைப்பார்? என்ர கை போச்சு, இனி இது சரிவராது எண்டுதான். கன வருசத்துக்குப் பிறகு வந்த ஆசை அதோட செத்துப்போம். 18,500 ரூபாயை விட எனக்கு இதுதான் கூடக் கோபம்.

கை பழுதில்லை எண்டதை முதல் தெரிஞ்சுகொள்ளுங்கோ. ஸ்ப்ரூவைப் பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில கழுவிக் காயவிடோணும், அச்சு எண்ணெய் இருந்தால் நல்ல பெயின்ரும் பிடிக்காது. பிறகு பிறைமர் எண்ட அடிப்பூச்சு. தட்டைப் பிறஷ், 6 முதல் 10 மில்லிமீற்றர் அகலம். மெல்லிசா மூண்டு பூச்சு, ஒவ்வொண்டுக்கும் நடுவில ஒரு முழுநாள். ரிட்டார்டர் பத்தில ஒரு பங்குக்கு மேல வேண்டாம், கூடினால் காயாமல் பிசுபிசுக்கும். எங்கட வெக்கையில மத்தியானம் பூசினால் பிறஷ் நுனியிலயே காய்ஞ்சிடும். சோளகக் காத்துக் காலத்தில றோட்டுப் புழுதி முழுக்க ஈரப் பூச்சில ஒட்டும். விடிய வெள்ளன, ஃபானை நிப்பாட்டிப்போட்டுப் பூசி, ஒரு பிளாஸ்ரிக் பெட்டியால மூடி வைக்கிறதுதான் வழி.

சிமென்ற் போத்திலில இருந்தது நகப்பூச்சு அழிக்கிற மருந்து, வாசனை எண்ணெயோட. நல்ல சிமென்ற் எண்டால் ரெண்டு ஸ்ப்ரூத் துண்டை ஒட்டி ஒரு இரவு விட்டு முறிச்சால் ஒட்டின இடம் விடாது, பக்கத்தாலதான் முறியும். இது விரலால தட்டக் கழண்டுது. டீகல் தாள் மஞ்சளடிச்சு. மஞ்சள் மட்டும் எண்டால் யன்னல் கண்ணாடியில வெயில் படுறமாதிரி ஒட்டி வைச்சுக் கொஞ்ச நாளில வெளுக்கவைக்கலாம். இதில தேவையில்லாத ஒரு இலக்கத்தை வெட்டி இளஞ்சூட்டுத் தண்ணியில போட, தூள்தூளாப் பிரிஞ்சுது. பழசானால் அப்பிடித்தான். டீகலுக்கு ஆர்ஓ (உப்பு நீக்கி வடிகட்டின) தண்ணி பாவியுங்கோ, எங்கட கிணத்துத் தண்ணி உப்பும் சுண்ணாம்பும், காய்ஞ்சால் வெள்ளைக் கோடு விழும்.

இனி அவையள் சொன்ன மறுமொழிகள். முதல், "கூரியரில உடைஞ்சிருக்கும் அண்ணை." கூரியரில உடைஞ்சால் துண்டு பெட்டிக்குள்ள கிடக்கோணும், ஒரு ஸ்ப்ரூ முழுக்க எப்பிடி மறையும்? பிறகு, "கண்ணாடிப் பாகம் தனிப் பார்சலில வரும்." ஒரே பெட்டியில வாற பாகத்துக்கு என்ன தனிப் பார்சல்? பிறகு, "பெட்டி திறக்கேக்க எடுத்த வீடியோ இருக்கோ?" வீடியோ அனுப்ப, "மனேச்சரிட்டக் கேட்டுச் சொல்லுறன்." மனேச்சர் எண்டு வந்த ஆள் தமிழில கேட்டதுக்கு ஆங்கிலத்தில ரெண்டு வரி அனுப்பினார், வித்த சாமான் திருப்பி எடுக்கிறேல்லையாம். அண்ணை அண்ணை எண்டு கதைச்ச பெடியன் நீலக் குறி விழவிட்டுப்போட்டுப் பேசாமல் இருந்தான், கடைசியில நம்பரைத் தடை செய்துபோட்டான். அவன் அனுப்பின ஸ்ப்ரூப் படத்தைப் படத்தேடலில போட்டுப் பாக்க, வெளிநாட்டு ஆள் ஒருத்தர் தன்ர கிற்றைப் படமெடுத்துப் போட்ட பழைய படம் எண்டு தெரியவந்தது. 18,500 ரூபாயில ஒரு சதம் திரும்பேல்லை.

கனக்க எழுதேலாது, இப்ப கை நடுங்குது. இதுகளை மட்டும் செய்யுங்கோ.

சாமான் கையில வராமல் முழுக்காசு போடாதேங்கோ. படம் கேட்டால், அண்டைய திகதியையும் உங்கட பேரையும் எழுதின துண்டுக் கடதாசியை ஸ்ப்ரூவுக்குப் பக்கத்தில வைச்சு எடுக்கச் சொல்லுங்கோ, மறுத்தால் விடுங்கோ. பெட்டியை வெட்டமுன்னம் வீடியோவைத் தொடங்கி, விளக்கத்தாளில இருக்கிற பாகப் படத்தோட ஏ, பி எண்டு எழுத்துப் போட்ட ஒவ்வொரு சட்டத்தையும் ஒப்பிடுங்கோ. பெயின்ரைக் கிற்றில பூசமுன்னம் மாபிளில சோதியுங்கோ.

கண்ணாடிக் கூண்டு இல்லாமல் ஆருக்கும் வந்திருந்தால் எறியவேண்டாம். மரத்தில அச்சுச் சீவி, சோடாப் போத்தில் பிளாஸ்ரிக்கை அதுக்கு மேல இழுத்துச் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும். வெட்டி வெள்ளைப் பசையால ஒட்டுங்கோ, சுப்பர்குளூ கண்ணாடியைப் புகையடிக்கும்.

ஏமாந்தவை வங்கிச் சிட்டை, வட்ஸ்அப் கதை எல்லாத்தையும் எடுத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில குடுங்கோ. சாமான் வாங்கி மூண்டு மாதத்துக்குள்ள குடுக்கோணும், பிந்தினால் எடுக்காயினம். தொலைபேசி 1977. அந்தப் பக்கம் இண்டைக்கும் திறந்துதான் இருக்கு, அதே களவெடுத்த படத்தோட ஹரிக்கேன் திரும்ப விலைக்குப் போட்டிருக்கினம். மாங்குளம், புதுக்குடியிருப்பு, வவுனியாப் பக்கம் ஆராவது அதுக்குக் கதைச்சுக்கொண்டிருந்தால் காசு போடுறதை இப்பவே நிப்பாட்டுங்கோ.