பர் கோட்டைத் தோட்டம்: பிள்ளைகளோடு போகலாமா?

அயர்லாந்தின் ஆஃபலி மாவட்டத்தில் உள்ள பர் ஊருக்குப் போகிறவர்கள் கோட்டைக்குள்ளே சுற்றலாம் என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே இன்னும் ஒரு குடும்பம் வசிக்கிறது, தோட்ட டிக்கெட்டில் உள்ளே விடமாட்டார்கள். பார்க்க வேண்டியது, தோட்டத்தில் 1840களில் கட்டிய ராட்சதத் தொலைநோக்கி. 1.8 மீட்டர் அகல ஆடிக்காக (ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி) செய்த குழாய், இரண்டு பெரிய கல்சுவர்களுக்கு நடுவே. ஒரு ஆளே உள்ளே நடந்து போகலாம் போலிருக்கிறது. விண்மீன் மண்டலம் ஒன்றின் சுருள் வடிவத்தை 1845இல் முதன்முதலாகப் பார்த்தது இதில்தான்.

பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கே! மரவீட்டு விளையாட்டுத் திடலைக் கண்டதும் ஓடிவிட்டார்கள், திரும்ப இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சரி, மழை பெய்திருந்தால் புல்வெளி சொதசொதவென்று இருக்கும், ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள்.