படுக்கையை நனைக்கும் பிள்ளைகளுக்கான ஈர அலாரம்: வாங்கலாமா?

எட்டு வயதாகியும் பிள்ளை படுக்கையை நனைக்கிறான் என்றால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். சோம்பல் என்பார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்பார்கள், ஒரு அதட்டு போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். மூன்றுமே தவறு. எங்கள் மகனுக்கு டாக்டர் சொல்லி வாங்கிய ஈர அலாரத்தை மாதக்கணக்கில் பயன்படுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நல்ல கருவிதான், பலனும் கிடைத்தது. ஆனால் ஆரம்ப வாரங்களில் அது எழுப்புவது பிள்ளையை இல்லை, அப்பா அம்மாவை. அதற்குத் தயாராக இருக்கிற வீட்டுக்கு மட்டும்தான் இதைப் பரிந்துரைப்பேன்.

நாங்கள் வாங்கியது உடம்பில் மாட்டுகிற வகை. ஜட்டியின் முன்பக்கம் ஒரு சின்ன கிளிப், அதிலிருந்து சட்டைக்குள்ளேயே மேலே வரும் ஒரு வயர், தோள்பட்டையில் மாட்டிக்கொள்ளத் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். கிளிப்பில் இருக்கிற இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே நாலு சொட்டு ஈரம் பட்டாலே போதும், காதைக் கிழிக்கிற சத்தமும் அதிர்வும் கிளம்பிவிடும். கிளிப்பைக் கழற்றி பட்டனையும் அழுத்தினால்தான் நிற்கும். தூக்கக் கலக்கத்தில் கையை வைத்ததும் அடங்கிப்போகிற அலாரத்தால் யாருக்கும் பயனில்லை என்பதால், இந்த ஒரு விஷயத்தைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

சில பிள்ளைகளுக்கு ராத்திரியில் சிறுநீரைக் குறைக்கிற வாசோபிரசின் ஹார்மோன் போதுமான அளவு சுரப்பதில்லை. சிலருக்கு சிறுநீர்ப்பை கொஞ்சம் நிரம்பினாலே சுருங்கிவிடுகிறது. இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும், பை நிரம்பிவிட்டது என்ற செய்தி வந்தும் மூளை விழிப்பதில்லை என்பதுதான் முக்கியமான சிக்கல். அலாரம் வேலை செய்வது அந்த இடத்தில், ஈரம் பட்டதுமே எழுப்பி எழுப்பி மூளையை விழிக்கப் பழக்குகிறது. மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதி 1938-லேயே இந்த முறையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், இன்றைக்கும் மருத்துவர்கள் முதலில் சொல்கிற சிகிச்சைகளில் இது ஒன்று. இதில் பரம்பரையும் சேர்ந்திருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய 44 சதவீதமும், இருவருக்கும் இருந்திருந்தால் 77 சதவீதமும் வாய்ப்பு உண்டு. இப்படிப்பட்ட ஒன்றுக்குப் பிள்ளையைத் திட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

சரி, ராத்திரி என்ன நடக்கும்? அலாரம் அலறும், வீடே விழிக்கும், சம்பந்தப்பட்டவன் மட்டும் புரண்டு படுப்பான். இந்த இடத்தில் பலர் சத்தத்தை அணைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் கழிப்பறையில் நிறுத்திவிட்டு, திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் விரிப்பு தப்பிக்கலாம், மூளை எதையும் கற்றுக்கொள்ளாது. அவனை உட்காரவைத்து, விளக்கைப் போட்டு, அவன் கையாலேயே பட்டனை அழுத்தவைத்து, நடந்துபோய் மிச்சம் இருப்பதைப் போகச்சொல்லி, உலர்ந்த துணி மாற்றி, சென்சாரைத் துடைத்துத் திரும்ப மாட்டவேண்டும். படுக்கும்போதே ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்வோம், ராத்திரி அந்தச் சொல்லைச் சொன்னால்தான் விழித்ததாகக் கணக்கு. முதலில் கண்ணைத் திறந்துகொண்டே ஏதேதோ உளறுவான், சொல் வராது. அது வரும்வரை முகத்தில் எரிச்சல் காட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் இந்தச் சிகிச்சையிலேயே கஷ்டமான பகுதி.

முன்னேற்றம் உலர்ந்த படுக்கையில்தான் தெரியும் என்று காத்திருந்தால் மனசு விட்டுப்போகும். அதற்கு முன்னாலேயே ஈரத்தின் அளவு சுருங்கும், முதல் அலாரம் நடுராத்திரியிலிருந்து விடியற்காலைப் பக்கம் நகரும், ஒரே ராத்திரியில் இரண்டு தடவை அடித்தது ஒன்றாகும், ஒருநாள் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவனே எழுந்து நின்றிருப்பான். நான்கு வாரத்தில் இதில் எதுவுமே தெரியாவிட்டால் டாக்டரிடம் திரும்பப் போய்ப் பேசுங்கள். தெரிந்தால் நிறுத்தாதீர்கள், பொதுவாக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். தொடர்ந்து 14 ராத்திரி உலர்ந்திருந்தால் அலாரத்தை நிறுத்தலாம். பயன்படுத்துகிற பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு உலர்ந்துவிடுகிறது. நிறுத்தியபிறகு சிலருக்குத் திரும்ப வரும், அப்போது அதே அலாரத்தை மறுபடி மாட்டினால் பெரும்பாலும் கேட்கும்.

குறைகளும் இருக்கின்றன. தொளதொள ஜட்டியில் கிளிப் நிற்பதே இல்லை, உடம்போடு ஒட்டின பருத்தி ஜட்டி வேண்டும், அதன்மேல் இன்னொன்று போட்டால் இன்னும் நல்லது. சென்சாரைச் சரியாகத் துடைக்காமல் விட்டால் அடுத்த தடவை ஒன்றுமில்லாமலே அடிக்கும், வியர்வைக்கும் அடிக்கும். ஒரே அறையில் படுக்கிற தம்பி தங்கைக்குத் தூக்கம் போகும். உடம்பில் எதையும் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்கிற பிள்ளைக்குப் படுக்கையில் விரிக்கிற பாய் மாதிரியான வகை உண்டு, ஆனால் பிள்ளை உருண்டு ஓரத்துக்குப் போய்விட்டால் அதற்குத் தெரியாது, துணியெல்லாம் நனைந்து கீழே இறங்கியபிறகுதான் அடிக்கும். வயர் இல்லாத வகையில் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பெற்றோர் அறையிலும் வைக்கலாம், தனி அறையில் தூங்குகிற பிள்ளைக்கு அது வசதி.

வாங்குவதற்கு முன்னால் மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இதை யாரும் யோசிப்பதில்லை. மலக்குடல் நிரம்பிக் கிடந்தால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும், அதைச் சரிசெய்ததுமே சில பிள்ளைகளுக்கு ஈரம் நின்றுவிடுகிறது. பகலிலும் நனைகிறான், சிறுநீர் போகும்போது எரிச்சல் இருக்கிறது, ஓயாமல் தாகம், எடை குறைகிறது, ஆறு மாதத்துக்குமேல் உலர்ந்திருந்தவன் திடீரென்று நனைக்கிறான் என்றால் அலாரத்தைத் தேடாதீர்கள், டாக்டரிடம் போங்கள். தாகமும் எடைக்குறைவும் சேர்ந்திருந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம், அன்றைக்கே காட்டவேண்டும். பள்ளிச் சுற்றுலா மாதிரி சில ராத்திரிகளுக்கு மட்டும் என்றால் ராத்திரி சிறுநீரைக் குறைக்கிற டெஸ்மோபிரசின் மாத்திரை டாக்டர் தருவார். அது வேலை செய்கிறது, ஆனால் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்புவரை தண்ணீர் நன்றாகக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தாகக் குறையும்.

ஐந்து வயதுக்குக் கீழே இது வேண்டவே வேண்டாம், அந்த வயதில் நனைப்பது இயல்பு. ஐந்து வயதில்கூட நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் நனைக்கிறார்கள், அவர்களில் பலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் வருஷா வருஷம் உலர்ந்துவிடுகிறார்கள். பிள்ளைக்கே மனசில்லாவிட்டாலும், கைக்குழந்தை இருந்து ஏற்கெனவே யாருக்கும் தூக்கமில்லாத வீடானாலும் தள்ளிப்போடுங்கள். பரிசு கொடுப்பதானால் உலர்ந்த ராத்திரிக்குக் கொடுக்காதீர்கள், அது அவன் கையில் இல்லை. அலாரம் அடித்ததும் எழுந்ததற்கும், விரிப்பு மாற்ற உதவியதற்கும் கொடுங்கள்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். குறைத்த ஒன்று, மாட்டுவது எப்படி என்று மட்டும் படம் போட்டுவிட்டு, எப்போது நிறுத்துவது, ராத்திரி யார் எழவேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத அந்தக் கையேட்டுக்காக. வாங்கும்போதே சென்சார் வயரைத் தனியாகவும் தருகிற மாதிரியைப் பார்த்து, ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள், முதலில் பழுதாவது அதுதான்.