கத்தியும் சாக்பீஸும்: ஜி.எச்.சா, தனியாரா?

அறுவை சிகிச்சை மேற்படிப்பான எம்.எஸ். முடித்தாயிற்று. அறுவை சிகிச்சையும் செய்ய வேண்டும், பாடமும் நடத்த வேண்டும் என்பவருக்குச் சென்னையில் இரண்டு வழி.

ஒன்று, 1835-ல் தொடங்கிய மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ், ஸ்டான்லி மாதிரி அரசு இடங்கள். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஆஸ்பத்திரியான, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ஜி.எச்.சில் காலை ரவுண்ட்ஸ் போகும் யூனிட் சீஃபைப் பாருங்கள்: பின்னாலேயே உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி.க்கள் (மேற்படிப்பு மாணவர்கள்), ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்) என ஒரு ஊர்வலம். குடல்வால் முதல் ரயிலில் அடிபட்டவர் வரை எல்லாக் கேஸும் வரும். பி.ஜி. கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு எதிரே நின்று உதவுவதுதான் இங்கே பாடம். ஆனால் டிரான்ஸ்ஃபர் வந்தால், பார்த்துப் பார்த்து உருவாக்கிய டீம் கலைந்துவிடும்.

இன்னொன்று, தனியார் ஆஸ்பத்திரி. அங்கே கருவிகள் புதுசு, சம்பளம் அதிகம். டி.என்.பி. என்ற மேற்படிப்பு மாணவர்களும் உண்டு, சரி; ஆனால் பணம் கட்டிய நோயாளி பெரிய டாக்டர் கையைத்தான் கேட்பார். மாணவர் பெரும்பாலும் வயிற்றுக்குள் பார்க்கும் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். துறைத் தலைவரானால் வரவு செலவுக் கூட்டமும் தலையில் ஏறும்.

கற்பிக்கும் ஆசை இருந்தால் என் ஓட்டு ஜி.எச்.சுக்கே. வருமானக் கவலையா? தமிழ்நாட்டில் அரசு மருத்துவர் பணி நேரத்துக்கு அப்புறம் கிளினிக் நடத்தலாம். வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும், அவ்வளவுதான்.