திருவிழாக் கடைப் பொம்மையா, கைக்குட்டையா, சட்டைக் கவரா? பிள்ளைகளுக்கு ஏற்ற வான்குடை எது?

காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் விடுமுறை நாள்களில் எங்கள் வீட்டு மாடிப்படியருகே கூடுவார்கள். நான்கு வயது முதல் ஒன்பது வயது வரை உள்ள அவர்களுக்குப் பாராசூட் பொம்மையை வாங்கிக் கொடுப்பதா, வீட்டுப் பொருள்களைக் கொண்டு அவர்களையே செய்ய வைப்பதா என்ற கேள்வி எனக்குப் பலமுறை எழுந்திருக்கிறது. (அவர்களுள் இளையவளுக்குப் பாராசூட் என்றால் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய், அதனால் வான்குடை என்ற சொல்லே எங்களுக்கு வசதியாகிவிட்டது.)

திருவிழாக் கடைகளில் விற்கும் பொம்மையைச் சுருட்டி மேலே எறிந்தால், நூல் சிக்காத வரையில், அது அழகாக விரிந்து இறங்குகிறது. முடிச்சுப் போடத் தெரியாத நான்கு வயதுக் குழந்தைக்குக் காற்று குடையை நிரப்பும் காட்சியை முதன்முதலாகக் காட்ட அது போதும். ஆனால் குடையின் அளவு, நூலின் நீளம், பொம்மையின் எடை ஆகிய மூன்றையும் செய்தவரே முடிவு செய்துவிட்டார். “இன்னும் மெதுவாக இறங்க வைக்க முடியுமா?” என்று குழந்தை கேட்டால், அந்தப் பொம்மையில் மாற்றிப் பார்க்க எதுவும் இல்லை. இரண்டாம் நாள் அது மூலைக்குப் போவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

வீட்டில் செய்வதென்றால் போட்டி, பருத்திக் கைக்குட்டைக்கும் புதுச் சட்டை சுற்றி வரும் மெல்லிய பிளாஸ்டிக் கவருக்கும் இடையேதான். செய்தித்தாள் ஓரிரு முறை இறங்கியதுமே நூல் கட்டிய மூலைகளில் கிழிந்துவிடுவதால் அதை விட்டுவிடலாம். இரண்டையும் 40 சென்டிமீட்டர் சதுரமாக எடுத்துக்கொண்டு, நான்கு மூலைகளிலும் அதே நீளமுள்ள நூலைக் கட்டி, கீழே ஒரு காலித் தீப்பெட்டியைத் தொங்கவிடுகிறோம். நம் பக்கத்து வீடுகளில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை என்பதால் எடைக்கு அதையே தீப்பெட்டிக்குள் போடுகிறோம். எத்தனை கொட்டை என்று எண்ணினாலே எடை ஒப்பீடு கிடைத்துவிடும்.

கைக்குட்டையைச் சின்னக் கைகளும் மடிக்கலாம், முடியலாம். அது கிழியாது, முகத்தில் விழுந்தாலும் மூச்சு அடைக்காது. ஆனால் அந்த அளவுள்ள பருத்தித் துணியின் எடை ஏறக்குறைய 15 கிராம். கவரோ 3 கிராம் அளவுதான். எனவே தீப்பெட்டியில் கொட்டை குறைவாக இருந்தால் கைக்குட்டை விரியாமலே மூட்டைபோல் விழுந்துவிடுகிறது. துணி கனமில்லாமலும் உறுதியாகவும் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்நாளில் வான்குடைகளைப் பட்டில் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் நைலான் அதன் இடத்தைப் பிடித்தது. தருமபுரியில் பட்டுக்கூடு ஏலம் போவதைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு இந்தச் செய்தி எளிதில் பிடிபடும்.

ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நான் கவரையே தேர்ந்தெடுப்பேன். அது விட்டவுடன் விரிகிறது. கத்தரித்து அளவை மாற்றுவதும் எளிது. 20 சென்டிமீட்டர் சதுரமாக ஒன்றும் 40 சென்டிமீட்டர் சதுரமாக ஒன்றும் வெட்டி, பெரியதற்குள் சிறியது எத்தனை அடங்கும் என்று கேட்டால், பெரும்பாலோர் முதலில் இரண்டு என்றே சொல்கிறார்கள். வைத்துப் பார்த்து நான்கு என்று கண்டதும் சற்று நேரம் பேச்சு வருவதில்லை. பிறகு சம எண்ணிக்கையில் கொட்டைகளைப் போட்டு விட்டால் பெரியது பின்தங்குகிறது. இரண்டும் ஒன்றாகத் தரை தொடும் வரை பெரியதில் ஒவ்வொரு கொட்டையாகச் சேர்க்கச் சொல்வதுதான் விளையாட்டின் உச்சம். பரப்பு நான்கு மடங்கானால், அதே வேகத்தில் இறங்க மொத்த எடையும் நான்கு மடங்காக வேண்டும் என்பது கணக்கு. குடை விரிய எடுக்கும் நேரத்தால் விடை கொஞ்சம் முன்பின் ஆகும். ஆயினும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை கொட்டைகளை எண்ணியே அதன் அருகில் வந்துவிடுகிறது.

இதற்குக் கைப்பேசியில் நேரம் பார்க்கும் வழக்கத்தை நான் கைவிட்டுவிட்டேன். 3 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் 0.8 விநாடிக்குள் விழுந்துவிடும். அழுத்தும் விரலின் தாமதமே கால் விநாடியை விழுங்கும்போது அந்த அளவீட்டில் என்ன மிஞ்சும்? இரண்டையும் ஒரே கையால் ஒன்றாக விட்டு, எந்தத் தீப்பெட்டி முதலில் தட்டியது என்று காதால் கேட்பது நம்பத்தக்கது. இதை வீட்டுக்குள்ளேயே செய்ய வேண்டும். அம்மியையே பறக்கவிடும் ஆடிக் காற்றில் வெளியே விட்டால் ஒப்பீட்டுக்கு இடமில்லை.

கவர்க் குடை பக்கவாட்டில் ஊசலாடுவதையும் பிள்ளைகள் கவனிப்பார்கள். 1797 அக்டோபர் 22 அன்று பாரிஸில் பலூனிலிருந்து வான்குடையில் இறங்கிய கார்னரினும் அப்படித்தான் பயங்கரமாக ஆடிக்கொண்டே வந்தார். அவர் குடையின் உச்சியில் துளை இல்லை. நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளையிட்டால் உள்ளே தேங்கும் காற்று ஓரங்களில் முட்டி மோதி வெளியேறாமல் நேராக மேலே போக, ஆட்டம் தணிகிறது. கடைப் பொம்மையிலோ வீட்டுக் கைக்குட்டையிலோ துளையிட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

கவரில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அதைத் தலையில் மாட்டிக்கொள்வார்கள், கொட்டைகளை விழுங்குவார்கள். ஆகவே தம்பி தங்கைகள் இருக்கும் வீட்டில் ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வைக்க வேண்டும். அடுத்தது, கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கும்போது, விளையாட்டுக்கென்று புதிதாக வாங்குவது தவறு; ஏற்கெனவே வீட்டுக்கு வந்த உறையை மட்டுமே வெட்டுகிறோம்.

கோடை தொடங்கிச் சாலையோர எருக்கங்காய்கள் வெடிக்கும்போது மேற்சொன்ன எதுவும் தேவைப்படுவதில்லை. பிள்ளைகள் தாத்தாப்பூச்சி என்று துரத்தும் அந்த விதை, துணியே இல்லாத வான்குடை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கேடு என்பதால் காயைப் பறிக்க விடாமல், தானாகப் பறந்து வந்தவற்றையே பிடிக்கச் சொல்கிறேன். இரண்டு விதைகளில் ஒன்றின் பஞ்சை மட்டும் பிய்த்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக விடச் சொன்னேன். மொட்டை விதை காலடியில் விழ, மற்றது சுற்றுச்சுவரைத் தாண்டிப் போயிற்று, நான்கு வயதுக்காரி அதன் பின்னாலேயே ஓடினாள்.