திரை கறுப்பா, நீலமா? ரேம் கோளாறுக்கு எந்த வைத்தியம் முதலில்

பாகம் பாகமாக வாங்கி நாமே அசெம்பிள் செய்த கணினி முதல் பவருக்கே மக்கர் பண்ணினால், பழி நேராக ரேமின் தலையில் விழும். சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் ரேமால் பிரச்சினை வருவது வேறு, ரேமே கெட்டுப்போயிருப்பது வேறு. புது ஸ்டிக்கில் (ரேம் சிப்புகள் பதித்த பட்டையில்) சிப்பே பழுதாக இருப்பது குறைவு. முழுசாக உட்காராத ஸ்டிக், இடம் மாறிய ஸ்லாட், தாங்க முடியாத வேகம், பழைய பயாஸ் (போர்டைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்), இவைதான் அடிக்கடி மாட்டுபவை.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சிமாஸ் கிளியர் பண்ணு (பயாஸ் அமைப்புகளை அழி), ரப்பர் போட்டுத் தேய், எக்ஸ்எம்பியை (ரேமை வேகமாக ஓட்டும் அமைப்பை) அணை, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் என்ற சோதனை நிரலை ஓட்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சூழ்நிலைக்குச் சரிதான். எனவே முதலில் உங்கள் திரையைப் பாருங்கள். படமே வரவில்லையா, அல்லது விண்டோஸ் வரை போய் நீலத் திரையில் விழுகிறதா? முன்னதற்குக் கைவேலை, பின்னதற்கு மென்பொருள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதி நேரம் வீணாகிறது.

படமே வரவில்லை: காத்திருப்பதா, சிமாஸ் கிளியரா?

மின்விசிறி சுற்றுகிறது, விளக்கெல்லாம் எரிகிறது, மானிட்டர் மட்டும் கறுப்பு. பல மதர்போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று 4 குட்டி விளக்குகள் இருக்கும். டிரேம் விளக்கு அணையாமல் நின்றால் போர்டு ரேமில் சிக்கியிருக்கிறது என்று பொருள்.

ரேமின் முந்தைய தலைமுறையான டிடிஆர்4 காலத்தில் அரை நிமிடம் பார்த்துவிட்டுக் கையை வைத்துவிடலாம். டிடிஆர்5 அப்படி இல்லை. முதல் தடவை பவர் போட்டதும் பிராசஸரும் ரேமும் ஒன்றுக்கொன்று சிக்னல் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். ஏஎம்டியின் ரைசன் பிராசஸர்களுக்கான ஏஎம்5 போர்டுகளில் இது பல நிமிடம் ஓடலாம். ஸ்டிக்கின் கொள்ளளவும் எண்ணிக்கையும் கூடினால் இன்னும் இழுக்கும். அந்த நேரம் முழுக்கத் திரை கறுப்பாகத்தான் இருக்கும். நடுவே கணினி தானாக அணைந்து மறுபடி கிளம்பினாலும் பதற வேண்டாம், அதுவும் இந்த வேலையில் சேர்த்திதான்.

சிமாஸ் கிளியர் செய்வது சுலபம் என்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். பவர் சப்ளையை அணைத்து வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் போதும். போர்டில் அதற்கென்று இரண்டு பின் இருந்தால் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டும் முடிக்கலாம். ஆனால் இது பழைய அமைப்புகளை அழிக்கும் வேலை. இன்னும் எதையுமே மாற்றாத புதுப் போர்டில் அழிக்க என்ன இருக்கிறது? போதாததற்கு, கிளியர் செய்ததும் டிரெய்னிங் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளியர், இன்னொரு நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி கிளியர் என்று போனால், முடிய வேண்டிய வேலையை நாமே முடியவிடாமல் செய்கிறோம்.

முதல் பவரில் டிடிஆர்5 என்றால் 15 நிமிடமாவது தொடாமல் விடுங்கள். நேற்றுவரை ஓடிய கணினி எக்ஸ்எம்பி போட்டதும் படுத்துவிட்டதா? அப்போது சிமாஸ் கிளியர்தான் முதல் மருந்து, யோசிக்கவே வேண்டாம்.

ஒற்றை ஸ்டிக்கா, இடம் மாற்றிப் போடுவதா?

காத்திருந்தும் பலனில்லை என்றால் கேபினட்டைத் திறக்க வேண்டியதுதான். இங்கே இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, இரண்டு ஸ்டிக்கையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இன்னொன்று, ஒரே ஒரு ஸ்டிக்கோடு தொடங்குவது. முதலாவதில் கணினி கிளம்பிவிட்டால் சந்தோஷம். ஆனால் ஏன் கிளம்பியது என்று தெரியாது. கிளம்பாவிட்டால் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம். இரண்டாவதில் ஒவ்வொரு முயற்சியும் ஏதாவது ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட்டுப் போகும்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் 2-ஆவதும் 4-ஆவதும்தான் பெரும்பாலும் இரண்டு ஸ்டிக்குக்கான இடம். கையேட்டில் ஏ2, பி2 என்று இருக்கும். பல போர்டுகளில் ஒவ்வொரு சேனலின் (பிராசஸரையும் ரேமையும் இணைக்கும் தனிப் பாதையின்) தடமும் முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் போய் முடிகிறது. முடிகிற இடத்தைக் காலியாக விட்டு நடுவில் ஸ்டிக்கைச் செருகினால், அந்தக் காலி முனையில் சிக்னல் எதிரொலித்துத் தொல்லை தரும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று 1, 3 ஸ்லாட்டுகளில் செருகிவிட்டு ரேமைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

செருகுவதிலும் ஒரு விஷயம். பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில்தான் திறந்து மூடும் கொக்கி இருக்கும், மறுமுனை அசையாதது. கொக்கி உள்ள பக்கம் 'டக்' என்று கேட்டதும் வேலை முடிந்ததென்று நினைப்போம். அசையாத பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். கண்ணை ஸ்லாட் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஸ்டிக்கின் கீழ் விளிம்பு ஸ்லாட்டுக்கு இணையாக ஓட வேண்டும், தங்கநிறப் பட்டை ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வெளியே தெரியக் கூடாது. இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து, முதல் தடவை பயமாக இருக்கும் அளவுக்கு அழுத்தினால்தான் சரியாக உட்காரும்.

இப்போது சோதனை. முதல் ஸ்டிக்கை ஏ2-வில் மட்டும் போட்டுப் பாருங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் இரண்டாவது ஸ்டிக். அப்புறம் நன்றாக ஓடிய ஸ்டிக்கை பி2-வில். ஒரு ஸ்டிக் எங்கே போட்டாலும் படுத்துவிட்டு மற்றது எங்கும் ஓடினால் குற்றவாளி அந்த ஸ்டிக். இரண்டுமே ஏ2-வில் ஓடி பி2-வில் படுத்தால் ஸ்டிக்குகள் மேல் தப்பில்லை. கோளாறு அந்தச் சேனலில் இருக்கிறது. தனித்தனியாக எல்லா இடத்திலும் ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் படுத்தால் அது வேகம் அல்லது பொருத்தம் சம்பந்தப்பட்டது.

சேனல் என்று வந்துவிட்டால் உடனே போர்டைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மெமரி கன்ட்ரோலர் இப்போதெல்லாம் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. சாக்கெட்டில் ஒரே ஒரு பின் வளைந்திருந்தால் போதும், ஒரு சேனல் முழுக்கக் காணாமல் போகலாம். கூலரை ஒரு பக்கம் மட்டும் இறுக்கிப் பூட்டியிருந்தாலும் இதே கூத்துதான். கூலரைக் கழற்றி, பிராசஸரை எடுத்து, டார்ச் அடித்துப் பின்களைப் பார்த்துவிட்டு, திரும்பப் பூட்டும்போது திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரேம் பிரச்சினை என்று நினைத்தது கூலர் திருகில் முடிவது இந்தத் துறையில் பழைய நகைச்சுவை.

ரப்பரா, ஆல்கஹாலா என்ற சண்டைக்கு அதிக நேரம் தர வேண்டியதில்லை. பழைய ஸ்டிக்கின் அழுக்கை ரப்பர் எடுக்கும், உண்மைதான்; கூடவே மெல்லிய தங்கப் பூச்சையும் உரசும், துகளையும் விட்டுச்செல்லும். 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில்லாத துணியில் தொட்டுத் துடைத்தால் அந்தத் தொல்லை இல்லை. புது ஸ்டிக்குக்கு இரண்டுமே பெரும்பாலும் தேவைப்படாது.

விளக்கு இல்லாத போர்டில் குட்டி ஸ்பீக்கரை மாட்டி பீப் ஒலியைக் கேட்கலாம். ஆனால் பீப்புகளின் அர்த்தம் பயாஸ் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். பொதுவான பட்டியலை நம்பாமல் உங்கள் போர்டின் கையேட்டைப் பாருங்கள். அதைவிடப் பயனுள்ள பழைய தந்திரம் ஒன்று உண்டு. எல்லா ரேமையும் கழற்றிவிட்டுப் பவர் போடுங்கள். ரேம் இல்லை என்று போர்டு ஒலியாலோ விளக்காலோ புகார் சொன்னால், போர்டும் பிராசஸரும் அந்த அளவுக்காவது உயிரோடு இருக்கின்றன.

கிளம்புகிறது, ஆனால் நிற்கவில்லை: எக்ஸ்எம்பியை அணைப்பதா, தட்டிக் கொட்டிச் சரிசெய்வதா?

பெட்டியில் 6000 என்று போட்டிருப்பது ஸ்டிக் தயாரித்தவர் சொல்லும் வேகம். உங்கள் பிராசஸர் அதை ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை. இன்டெலின் எக்ஸ்எம்பியும் ஏஎம்டியின் எக்ஸ்போவும் கணக்குப்படி ஓவர்கிளாக்தான், அதாவது அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் ஓட்டுவது. டிடிஆர்5-க்கான தர மின்னழுத்தம் 1.1 வோல்ட், எக்ஸ்எம்பி போட்டதும் அது 1.25, 1.35, 1.4 என்று ஏறும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்கோடு 5200, நான்கு ஸ்டிக்கோடு வெறும் 3600. நான்கு ஸ்டிக் போட்டு 6000-இல் ஓடவில்லையே என்று வருத்தப்படுபவர்கள் இந்த எண்ணைப் பார்த்தால் போதும். இரண்டு தனித்தனி கிட்டை (ஒரே பெட்டியில் ஜோடியாக விற்பதை) ஒன்றுசேர்த்துப் போட்டிருந்தால் சிக்கல் இன்னும் கூடும், பெயரும் வேகமும் ஒன்றாகவே இருந்தாலும்.

எனவே முதலில் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் ஸ்டிக் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, வேகம்தான் ஒத்துவரவில்லை. அணைத்த பிறகும் விழுந்தால் பழுதின் மேல் சந்தேகம் வலுக்கும்.

மின்னழுத்தத்தையும் டைமிங்கையும் நாமே மாற்றிச் சரிக்கட்டுவது இன்னொரு வழி. பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு அது நல்ல விளையாட்டு. மற்றவர்களுக்கு நான் சொல்வது, 6000-ஐ 5600 ஆக்கிவிட்டு வேலையைப் பாருங்கள் என்பதே. மின்னழுத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவது ஆபத்தும்கூட. 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சில எரிந்துபோன விவகாரத்துக்குப் பிறகு, எஸ்ஓசி மின்னழுத்தத்தை (பிராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவதை) 1.3 வோல்ட்டுக்குள் ஏஎம்டி கட்டிப்போட்டது.

எந்தச் சோதனை மென்பொருள்?

விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் கணினியிலேயே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும், மறுதொடக்கம் செய்து இரண்டு சுற்று ஓட்டும், எஃப்1 அழுத்தினால் கடினமான சோதனையும் உண்டு. பிழை இருக்கிறது என்று இது சொன்னால் நம்பலாம். இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். மேலோட்டமான சோதனை என்பதால் விட்டு விட்டு வரும் பிழைகள் நழுவிவிடும். முடிவை அறிவிக்கும் சின்னப் பெட்டியும் கண்ணில் படாமல் போய்விடுவதுண்டு. அப்போது விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் போய்த் தேட வேண்டும்.

மெம்டெஸ்ட்86, மெம்டெஸ்ட்86+ இரண்டும் கிறிஸ் பிராடி 1994-இல் எழுதிய நிரலின் வழிவந்தவை. யூஎஸ்பியிலிருந்து நேராகக் கிளம்புவதால் விண்டோஸ் குறுக்கே இல்லை, கிட்டத்தட்ட முழு ரேமையும் சோதிக்க முடியும். மெம்டெஸ்ட்86 பாஸ்மார்க் நிறுவனத்துடையது, இலவசப் பதிப்பு 4 சுற்றோடு நின்றுவிடும். பிளஸ் போட்டது திறமூல நிரல், சுற்றுக்கு வரம்பில்லை. 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து யூஈஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) கணினிகளிலும் ஓடுகிறது. முதலாவதில் அறிக்கை தெளிவு, இரண்டாவதில் இரவு முழுக்க ஓடவிடும் சுதந்திரம். எதை எடுத்தாலும் தப்பில்லை. 32 ஜிபிக்கு 4 சுற்று என்றால் சில மணி நேரம் பிடிக்கும்.

வரும் பிழையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரியில் அதே பிட் மாறுகிறதென்றால் சிப் பழுது, ஸ்டிக்கை மாற்றியே ஆக வேண்டும். ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே என்று சிதறி வந்தால் வேகமோ மின்னழுத்தமோ சூடோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு பிழைதானே என்று விட்டுவிடக் கூடாது, ஏற்கத்தக்க எண்ணிக்கை பூஜ்யம்தான். ஹேமர் சோதனை மட்டும் விதிவிலக்கு. அது வேண்டுமென்றே மெமரியின் பக்கத்து வரிசைகளைச் சீண்டிப் பார்ப்பது; அதில் மட்டும் பிழை வந்தால் அன்றாட வேலையில் பாதிப்பு தெரியாமலே போகலாம்.

விண்டோஸுக்குள் ஓடும் டெஸ்ட்மெம்5 வேறு ரகம். விண்டோஸ் பிடித்து வைத்திருக்கும் பகுதியை அது தொட முடியாது. ஆனால் ஓவர்கிளாக் தள்ளாடுகிறதா என்று பார்க்க, மெம்டெஸ்ட்86 மணிக்கணக்கில் ஓடியும் பிடிக்காததை இது சில சமயம் சீக்கிரமே பிடித்துவிடும். கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து ஓடவிட்டால் கேபினட் சூடேறி, விளையாடும்போது மட்டும் வரும் கோளாறும் வெளியே வரும். இதில் உள்ள அபாயம், தள்ளாடும் ரேமோடு விண்டோஸை ஓட்டினால் டிஸ்க்கில் இருக்கும் கோப்புகள் கெடலாம். அதனால் முதலில் யூஎஸ்பி சோதனை, அதில் தேறினால் இது.

எல்லாவற்றிலும் தேறியும் நீலத் திரை தொடர்ந்தால் ரேமை விட்டுவிட்டு வேறு பக்கம் பாருங்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில், விளையாட்டுகள் வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லி விழுந்தன. ரேமிலும் கிராபிக்ஸ் கார்டிலும் தேடியவர்கள் ஏராளம். கடைசியில் பிராசஸரே தேய்ந்துபோவதுதான் காரணம் என்று தெரிந்து, 2024-இல் இன்டெல் மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டது.

பயாஸ் புதுப்பிப்பதா, ரேமை மாற்றுவதா?

முதலில் புதுப்பியுங்கள், அப்போதும் சரியாகாவிட்டால் மாற்றுங்கள். போர்டு வெளிவந்த நாளில் இல்லாத ஸ்டிக்குகளுக்கு, முக்கியமாக 24, 48 ஜிபி ஸ்டிக்குகளுக்கு, பிந்தைய பயாஸில்தான் ஆதரவு வந்திருக்கும். படமே வராத கணினியிலும் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் யூஎஸ்பியை மட்டும் செருகிப் புதுப்பிக்கலாம், ரேம்கூட வேண்டாம். ஆனால் சோதனையில் பிழை காட்டிக்கொண்டிருக்கும் ரேமோடு, விண்டோஸுக்குள் இருந்தபடி பயாஸைப் புதுப்பிக்காதீர்கள். எழுதும்போது ஒரு பிட் பிசகினால் போர்டே போய்விடும்.

மாற்றுவதென்று முடிவானால் பழுதான ஒன்றை மட்டும் அனுப்ப நினைக்காதீர்கள். கிட்டாக வாங்கியதைப் பெரும்பாலும் கிட்டாகத்தான் கேட்பார்கள், நமக்கும் ஜோடி பொருந்தி வருவதே நல்லது. புது ஸ்டிக் வந்ததும் எக்ஸ்எம்பி இல்லாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். பழைய ரேமோடு விண்டோஸ் நிறுவியிருந்தால் அந்த நிறுவலை நம்ப முடியாது. சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளை சிலவற்றைத் திருத்தும். நிறுவிய ஒரு வாரத்துக்குள் என்றால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் நேரம் மிச்சம். அந்த நாட்களில் நகலெடுத்த படங்களையும் ஜிப் கோப்புகளையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள், மூலப் பிரதியை அழிப்பதற்கு முன்பே.